மேற்கோளில் வந்த அப்பா பெயர்

தேனிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சிய நேரமெல்லாம் வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டோடுதான் கழிந்திருக்கிறது. கோம்பையில் அப்பாவுக்கு வாழைத்தோட்டம் இருந்ததால் வண்டுக்குப் பஞ்சமில்லை. சனி, ஞாயிறு பஸ் ஏறிப் போவேன். தார் வெட்டிய மரத்தின் தண்டை முழ நீளத்துக்கு நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தால் அந்த வாசனைக்கு வண்டு வந்து அடியில் ஒளிந்துகொள்ளும். காலையில் புரட்டிப் பார்த்துப் பொறுக்கிக் கொல்லலாம். மருந்தடிக்கிற வேலை பாதியாகக் குறையும். எந்த ரகத் தண்டுக்கு, வெட்டிய எத்தனையாவது நாளில் வண்டு அதிகம் வருகிறது என்பதைத்தான் நான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிய கட்டுரை அச்சில் வந்ததும் ஒரு பிரதியை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். அதை யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தபோதுதான் யோசிக்க வேண்டியதாயிற்று. விண்ணப்பத்தில் ‘ஆராய்ச்சித் தாக்கம்’ என்று ஒரு பக்கம். கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன, எச் இன்டெக்ஸ் எவ்வளவு, ஆய்வாளர் பக்கத்தின் இணைப்பு என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். மற்ற பக்கங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு நாள் வெறுமையாக வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கல்லூரி நூலகரிடம் போனேன். கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மற்ற ஆசிரியர்கள் நூலகத்துக்கு நாளிதழ் பார்க்கத்தான் வருவார்கள் என்பதால், ஆராய்ச்சி சம்பந்தமாக யாராவது வந்து நின்றால் அவர் முகமே மாறிவிடும். என் பெயரைத் தட்டித் தேடினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி வேறு மாதிரி தட்டினார்.

“மேடம், உங்க பேர எத்தன விதமா எழுதியிருக்கீக?”

“ஒரே பேர்தானே சார்.”

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். நான்கு பேராக இருந்தேன். கல்யாணத்துக்கு முன் எழுதியவற்றில் அப்பாவின் இனிஷியல். அடையாள அட்டை மாறிய பிறகு எழுதிய இரண்டில் வீட்டுக்காரரின் இனிஷியல். ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல். நான்காவதாக ஒரு முழு ஆண் பெயர், அதன் பின்னால் ஒற்றை எழுத்து.

“இது யாரு மேடம், உங்ககூட எழுதினவரா?”

“அது எங்க அப்பா.”

“அப்பாவும் விலங்கியலா?”

“வாழை விவசாயம்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. தண்டுப் பொறியைப் பற்றிய கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். அவர்களுடைய படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர். இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்து போதாது என்று சிவப்பில் காட்டியது. நாலு முறை முயன்றுவிட்டு அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டியவர்கள் எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் காட்டியிருந்தார்கள். இத்தனை காலம் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்ற அப்பா முழுப் பெயராகிவிட்டார். நான் ஓர் எழுத்தாகிவிட்டேன்.

“இருக்கிறதுலயே அதிகமா மேற்கோள் வந்திருக்கிறது இந்தக் கட்டுரைக்குத்தான் மேடம். அறுபத்து மூணு.” நூலகர் அந்த எண்ணை இரண்டு முறை சொன்னார். “தனித்தனியா கெடந்ததால எச் இன்டெக்ஸ் மூணுன்னு காட்டுது. நாலையும் ஒண்ணா சேத்தா ஆறு வருது.”

எச் இன்டெக்ஸ் ஆறு என்றால் குறைந்தது ஆறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஆறு முறையாவது, மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அன்றைக்கே எனக்கு ஓர் ஆய்வாளர் பக்கம் தொடங்கி, நான்கு பெயர்களையும் ஒன்றாக்கி, பதினாறு இலக்க அடையாள எண் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். நாலு மணி பஸ்ஸை என்னால் தவறவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“நான் எதுவும் எழுதலையேத்தா” என்றார், ஏதோ புகார் வந்துவிட்டதுபோல.

“நான் எழுதினதுதாம்ப்பா. உங்க பேரு முன்னால வந்துருச்சு. அத படிச்சவக எல்லாம் ‘இப்படி இவரு சொல்லியிருக்காரு’ன்னு உங்க பேரப் போட்டு எழுதுறாக.”

“எந்த ஊருக்காரக?”

“கேரளா, ஒடிசா. அப்புறம் உகாண்டா, பிலிப்பைன்ஸ்.”

“அங்கனயும் தண்டுல வண்டு விழுகுதா?”

“விழுகுது.”

ஊர்ப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். அம்மா அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“தெனமும் காலைல போயி தண்டப் பெரட்டி வண்ட எண்ணுனது ஆரு?” என்றாள்.

நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

“கேக்குறேன்ல. ஒங்கப்பா அந்த நேரத்துக்கு எந்திரிச்சதே இல்ல.”

அது உண்மை. நான் வாரக் கடைசியில் மட்டும் வருகிறவள். மற்ற நாட்களில் ஒவ்வொரு பொறியிலும் எத்தனை வண்டு என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துவந்தது அம்மாதான். எட்டாவது வரை படித்தவள். எண்கள் அச்சடித்ததுபோல இருக்கும். கட்டுரையின் கடைசியில் ‘குடும்பத்தினருக்கு நன்றி’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்தேன். ஆய்வாளர் பக்கம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கும்: இந்தக் கட்டுரைகளும் உங்களுடையவையா என்று. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். பட்டியல் நீளமாக இருந்தது. மேலே இருந்த இரண்டும் என்னுடையவை. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று ‘எல்லாவற்றையும் சேர்’ என்பதை அழுத்திவிட்டு போனைப் பைக்குள் போட்டேன்.

பத்து நாள் கழித்து காலையில் கல்லூரிக்கு வந்தால் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. என் போட்டோ, அதற்குக் கீழே ‘எச் இன்டெக்ஸ் 14’ என்று பெரிய எழுத்தில், வாழ்த்து முதல்வர் பெயரிலும் நிர்வாகத்தின் பெயரிலும். மாணவிகள் நின்று பார்த்தார்கள். வாட்ச்மேன் எழுந்து வணக்கம் சொன்னார். உள்ளே போகிற வரை எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆறு எப்படிப் பதினாலு ஆனது என்ற கேள்வி துறை அறையில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

பக்கத்தைத் திறந்து பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். நடுவில் சிறுநீரகக் கல் பற்றி ஒரு கட்டுரை. எலிகளுக்கு ஏதோ மூலிகைச் சாறு கொடுத்துப் பார்த்தது இன்னொன்று. பதினேழு கட்டுரைகள். என் பெயரும் என் இனிஷியலும் கொண்ட ஒருவர் வேறொரு நகரத்து மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார். அவருடைய உழைப்பையெல்லாம் நான் பஸ்ஸில் நின்றபடி என் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நூலகரிடம் ஓடினேன். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. “எடுத்துர்றது நிமிச வேல மேடம்” என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். “அதத்தான் எப்படி எடுக்கிறது.”

நான் முதல்வர் அறைக்குப் போனேன். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“வாங்க மேடம், போர்டு பாத்தீகளா? விண்ணப்பத்துல நீங்க குடுத்த இணைப்பத் தொறந்து பாத்தேன், பதினாலுன்னு இருந்துச்சு.”

“பாத்தேன் சார். அந்த நம்பர் தப்பு. பாதிக்கு மேல இன்னொருத்தரோட கட்டுரைக. நான்தான் பாக்காம சேத்துட்டேன். என்னோடது ஆறு.”

“கம்ப்யூட்டர்தானே சேக்கச் சொல்லிக் கேட்டுச்சு. நீங்களா போயி எடுக்கலையே. தேர்வுக் கமிட்டி வந்து போகட்டும். அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கிருவோம்.”

“அந்த மருத்துவக் கல்லூரிக்காரரு ஒருநாள் தேடிப் பாத்தா, அவரு எழுதினது என் பேருல இருக்கும் சார். நான் இப்பவே எடுத்துடப் போறேன். போர்டையும் எடுக்கச் சொல்லுங்க.”

அவருக்குக் கோபம் வந்தது. என்மேல் அல்ல, அந்தச் சூழ்நிலையின்மேல் என்று இப்போது தோன்றுகிறது. நிர்வாகத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் அறையிலேயே உட்கார்ந்து, தவறு என்னுடையது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதியம் ஃப்ளெக்ஸ் இறங்கியது. எங்கள் துறையிலேயே ஒருவர், “பதினாலு எங்க மேடம், ஓடிப்போச்சா?” என்று கேட்டார். ஒரு வாரம் எல்லார் எதிரிலும் சிரித்தபடி நடமாடுவது எனக்குச் சிரமமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்தவர் கட்டுரையைப் பார்க்காமல் சேர்த்தவள், என்னுடைய மேற்கோள்களை மட்டும் பார்க்காமல் நம்பலாமா? அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் படித்தேன். கிடைக்காதவற்றை நூலகர் யார் யாருக்கோ எழுதி வாங்கிக் கொடுத்தார். படித்தால் பெரும்பாலானவை, ‘இதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர்’ என்ற ஒரு வரியில் பத்துப் பெயர்களுக்கு நடுவே அப்பா பெயரையும் சேர்த்திருந்தன. அவ்வளவுதான். இரண்டு கட்டுரைகள் நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொல்லியிருந்தன. ஒன்று என் முடிவை மறுத்திருந்தது; நிதானமாகப் படித்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்பது கட்டுரைகளில், தங்கள் ஊரில் தண்டைப் பிளந்து வைத்து, நான் சொன்ன முறையில் எண்ணிப் பார்த்திருந்தார்கள். உகாண்டாவில் ஒரு குழு, மழைக்காலத்தில் தண்டைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தது. எல்லை தாண்டி இடுக்கி மலைப் பக்கத்தில், நேந்திரன் வாழைக்கு இதைச் சோதித்து விவசாயிகளுக்கு மலையாளத்தில் துண்டுப்பிரசுரமே போட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து ஜீப் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடுகிற தூரம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அந்த ஒன்பதையும் தனியாக எடுத்து அடுக்கியபோது, ஃப்ளெக்ஸில் பார்த்த பதினாலு தராத ஒரு நிமிர்வு எனக்கு வந்தது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் என்னிடமிருந்து திருப்பிக் கேட்க முடியாது.

என்னை மறுத்தவர்கள் கிளப்பிய கேள்வியை வைத்து, மழைக்கால எண்ணிக்கையைப் பற்றி அடுத்த கட்டுரையை எழுதினேன். முழுக்க முழுக்க அம்மாவின் நோட்டை வைத்து எழுதியது. ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக அம்மாவின் பெயரைப் போட்டேன். பணியிடம் என்ற கட்டத்தில் ‘விவசாயி, கோம்பை’ என்று எழுதினேன். பெயர் போடுகிறவர் கட்டுரையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டே கேட்டாள். ஐப்பசி மாதக் கணக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

“அதுல ரெண்டு வாரம் நான் எண்ணலத்தா.”

“நோட்டுல கணக்கு இருக்கேம்மா.”

“எனக்குக் காச்சல். ஒங்க சித்தி வந்து எண்ணுனா. அவ தண்டப் பெரட்டுனாளோ, மேலாப்புல பாத்துட்டு வந்தாளோ. அத எடுத்துரு.”

அந்த இரண்டு வாரத்தை எடுத்துவிட்டு எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டேன். முடிவு மாறவில்லை. ஆனாலும் எடுத்ததையும் ஏன் எடுத்தோம் என்பதையும் கட்டுரையில் எழுதினேன். இதழ்க்காரர்கள் இரண்டாவது ஆசிரியர் யார் என்று விளக்கம் கேட்டார்கள். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். நூலகர் அம்மாவுக்கும் ஓர் ஆய்வாளர் பக்கம் தொடங்கித் தந்தார். படம் வேண்டும் என்றதும் அம்மா ஈரத் தலையோடு வேண்டாம் என்று, மாலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

தேர்வுக்குழு வந்த அன்று மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் ஓரத்தில். வெளியூரிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“எச் இன்டெக்ஸ் ஆறுதானா? பதினெட்டு வருஷ சர்வீஸுக்கு இது கம்மி இல்லையா?”

“ஆறுதான் சார். கூன்வண்டப் பத்தி எழுதுறவங்களே உலகத்துல கொஞ்சம் பேருதான். அதனால நம்பரை மட்டும் வைக்காம, என் கட்டுரைய எடுத்துக்காட்டினவங்க அத வச்சு என்ன செஞ்சாங்கன்னு தனியா ஒரு தாள் வச்சிருக்கேன்.”

ஒன்பது கட்டுரைகளின் பட்டியலையும் மலையாளத் துண்டுப்பிரசுரத்தையும் நீட்டினேன். என்னை மறுத்த கட்டுரையையும் அடியில் சேர்த்திருந்தேன். அவர் அதைத்தான் முதலில் எடுத்துப் படித்தார். மறுத்ததை யாரும் கொண்டுவந்து காட்டமாட்டார்களே என்றார். அதிலிருந்துதான் என் மழைக்கால வேலை ஆரம்பித்தது என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் பேராசிரியர் புதுக் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இரண்டாவது ஆசிரியர், விவசாயின்னு போட்டிருக்கு. யார் இவங்க?”

“எங்க அம்மா.”

நான் நோட்டின் படங்களைக் காட்டினேன். காய்ச்சல் வந்த இரண்டு வாரத்தை எடுக்கச் சொன்ன கதையைச் சொன்னேன். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “என்னோட மாணவர்கள் இவ்வளவு சுத்தமா குறிச்சா நல்லா இருக்கும்” என்றார். முதல்வர் அப்போதுதான் வாயைத் திறந்தார். வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸை நானே இறக்கச் சொன்னதையும், நான் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் அவராகவே அவர்களிடம் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆறு வாரத்தில் ஆணை வந்தது. நான் இணைப் பேராசிரியர் ஆனேன். அப்பாவுக்குப் போன் போட்டேன். “எம் பேரு போட்டதுக்கா, ஒங்கம்மா பேரு போட்டதுக்கா?” என்று கேட்டார். அம்மா போனைப் பிடுங்கி, “ரெண்டுக்குந்தேன்னு சொல்லு” என்றாள்.

முதல்வர் என்னையும் நூலகரையும் கூப்பிட்டு, எல்லா ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர் பக்கம் சரிபார்த்துத் தரச் சொன்னார். புதன்கிழமை மதியம் நூலகத்தில் உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். முதல் புதன்கிழமை தமிழ்த்துறை ஆசிரியை வந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் நடவுப் பாடல்களைத் தொகுத்து, ஆராய்ந்து, இரண்டு புத்தகங்கள் எழுதியவர். அவர் பெயரைத் தட்டினால் திரை வெறுமையாக வந்தது. தமிழில் அச்சான புத்தகங்களை அந்தத் தளங்கள் எண்ணுவதில்லை.

“அப்ப நான் ஒண்ணுமே எழுதலையா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக் கிளம்பத் தயாராகிவிட்டார்.

நூலகர் எழுந்து ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தார். தமிழ்த்துறையின் பழைய ஆய்வேடுகள் இரண்டு தட்டு நிறைய இருந்தன. ஆளுக்கு நாலாக எடுத்துக்கொண்டு, கடைசிப் பக்கங்களின் துணைநூற்பட்டியலில் ஆசிரியையின் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று தேடினோம். ஜன்னல் ஓரம் வெளிச்சம் நன்றாக இருந்தது. முதலில் கிடைத்தது நூலகருக்கு. பிறகு எனக்கு ஒன்று, அதன் உள்ளே மூன்று பக்கம் அவருடைய புத்தகத்தைப் பற்றியே பேசியிருந்தது. மூன்று பக்கத்தையும் ஆசிரியை நின்றபடியே படித்தார். நூலகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தலைப்பில் அவர் பெயரை இனிஷியலோடு எழுதி, கீழே ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போட ஆரம்பித்தார்.

அன்று ஐந்து கிடைத்தன. இன்னொரு தட்டு பாக்கி இருந்தது.